வீட்டு பில்களுக்கு நிறம் காட்டும் ஷீட்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போன வருஷம் ஒருநாள் இன்டர்நெட் பில்லை நானும் வீட்டுக்காரரும் ஆளுக்கொரு தடவை கட்டிவிட்டோம். அடுத்த வாரமே வண்டி இன்சூரன்ஸை, அவர் கட்டியிருப்பார் என்று நானும், இவள் கட்டியிருப்பாள் என்று அவரும் விட்டுவிட்டோம். அதற்கப்புறம் உட்கார்ந்து கணினியில் போட்டதுதான் இந்த ஷீட், அதாவது எந்த பில்லைக் கட்ட வேண்டும் என்று நிறத்தில் காட்டும் அட்டவணை. நாத்தனார், பக்கத்து வீட்டு அக்கா, அலுவலகத்தில் இரண்டு பேர் என்று பலருக்கும் போட்டுக் கொடுத்தேன். அப்போது திரும்பத் திரும்ப வந்த கேள்விகள் இவை.

ஒரு விஷயம் முதலில். சூத்திரங்களை இங்கே ஒலிக்கிறபடி தமிழ் எழுத்தில் எழுதியிருக்கிறேன். 'அண்ட்', 'டுடே', 'சி2' என்று வரும் இடங்களில் கணினியில் ஆங்கில எழுத்தில்தான் அடிக்க வேண்டும். 'ஏ' முதல் நெடுவரிசை, 'இ' ஐந்தாவது.

கண்டிஷனல் ஃபார்மேட்டிங் என்றால் என்ன? நானே மஞ்சள் அடித்துக்கொள்ள முடியாதா?

முடியும். ஆனால் நீங்கள் அடித்த மஞ்சள், பில்லைக் கட்டின பிறகும் மஞ்சளாகவே இருக்கும். அதை அழிக்கவும் நீங்கள்தான் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். ஞாபகம் இருக்கிறவர்களுக்கு ஷீட்டே தேவையில்லையே.

கண்டிஷனல் ஃபார்மேட்டிங்கில் நிறத்துக்குப் பதில் விதியைக் கொடுக்கிறோம். 'கடைசித் தேதி தாண்டியும் கட்டவில்லை என்றால் சிவப்பு' என்று ஒரு தடவை சொல்லிவிட்டால், தேதி தாண்டிய அன்று தானாகச் சிவக்கும். கட்டியதைக் குறித்த அடுத்த நொடி சிவப்பு போய்விடும்.

எக்செல் வாங்க வேண்டுமா?

வேண்டாம். கூகுள் ஷீட்ஸ் இலவசம். லிபர்ஆபிஸ் கால்க்கும் இலவசம். வீட்டில் இரண்டு பேர் ஒரே ஷீட்டைப் பார்க்க வேண்டும் என்றால் கூகுள் ஷீட்ஸ்தான் வசதி, நான் வைத்திருப்பதும் அதுதான்.

கூகுள் ஷீட்ஸில் 'ஃபார்மேட்' மெனுவில் 'கண்டிஷனல் ஃபார்மேட்டிங்' இருக்கும். அமுக்கினால் வலப்பக்கம் ஒரு பட்டை திறக்கும். அதிலிருக்கும் நிபந்தனைப் பட்டியலின் அடியில் 'கஸ்டம் ஃபார்முலா இஸ்' என்று ஒன்று வரும். நமக்குத் தேவை அது. எக்செலில் 'ஹோம்' பட்டையில் 'கண்டிஷனல் ஃபார்மேட்டிங்', அதில் 'நியூ ரூல்', அங்கே சூத்திரம் எழுதும் கடைசி வகை. லிபர்ஆபிஸில் 'ஃபார்மேட்', 'கண்டிஷனல்', 'கண்டிஷன்'. ரொம்பப் பழைய எக்செல் 2003 இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் கணினி என்றால் ஒரு கட்டத்துக்கு மூன்று விதிதான் போட முடியும். 2007-இலிருந்து அந்தக் கட்டுப்பாடு இல்லை. நாம் போடப்போவதும் மூன்றே மூன்றுதான், அதனால் கவலையில்லை.

என்னென்ன நெடுவரிசைகள் வேண்டும்?

ஆறு போதும். ஏ: என்ன பில். பி: யார் கட்டுவது. சி: கடைசித் தேதி. டி: தொகை. இ: கட்டிய தேதி. எஃப்: குறிப்பு. முதல் வரிசையில் இந்தத் தலைப்புகள், இரண்டாவது வரிசையிலிருந்து பில்கள்.

'பி'யைச் சிலர் வேண்டாம் என்கிறார்கள். எங்கள் வீட்டில் நடந்த இரண்டு கூத்துக்கும் காரணம் அந்த நெடுவரிசை இல்லாததுதான்.

கட்டிய தேதிக்குப் பதில் 'கட்டியாச்சு' என்று எழுதினால் போதாதா?

எழுதிப் பாருங்கள். மூன்றாவது மாதம் ஒரு இடத்தில் 'கட்டியாச்சு', ஒரு இடத்தில் 'கட்டியாயிற்று', இன்னொரு இடத்தில் 'ஓகே' என்று இருக்கும். நமக்கு எல்லாம் ஒன்று. ஷீட்டுக்கு மூன்றும் வேறு வேறு. 'கட்டியாச்சு' என்றால் சாம்பல் நிறம் என்று விதி போட்டிருந்தால் 'ஓகே' கட்டம் சிவப்பாகவே நிற்கும்.

தேதி எழுதினால் இந்தச் சிக்கல் இல்லை. கட்டம் காலியா, காலி இல்லையா என்று மட்டும் விதி பார்க்கும். அப்புறம், 'போன தடவை பணம் பிடித்தார்கள், ஆனால் கணக்கில் ஏறவில்லை' என்று சண்டை வந்தால், வங்கி ஸ்டேட்மென்ட்டில் எந்த நாளைத் தேட வேண்டும் என்பதும் கையில் இருக்கும்.

சரி, விதிகளைச் சொல்லுங்கள்.

ஏ2 முதல் எஃப்200 வரை இழுத்துத் தேர்ந்தெடுத்துக்கொள்ளுங்கள். பிறகு இதே வரிசையில் மூன்று விதிகள்.

சிவப்பு: =அண்ட்($சி2<>"",$இ2="",$சி2<டுடே())

மஞ்சள்: =அண்ட்($சி2<>"",$இ2="",$சி2<=டுடே()+5)

சாம்பல் எழுத்து: =$இ2<>""

முதல் விதி, கடைசித் தேதி எழுதியிருக்கிறது, கட்டிய தேதி காலி, கடைசித் தேதி இன்றைக்கு முந்தியது என்ற மூன்றும் உண்மையானால் சிவப்பாக்கும். இரண்டாவது, இன்னும் ஐந்து நாளுக்குள் வருவதை மஞ்சளாக்கும். மூன்றாவது, கட்டி முடித்ததைக் கண்ணில் படாமல் மங்கலாக்கும்.

வரிசை முக்கியம். ஏற்கெனவே தேதி தாண்டிய பில், 'ஐந்து நாளுக்குள்' என்ற மஞ்சள் விதிக்கும் பொருந்தும். இரண்டு விதி மோதினால் பட்டியலில் மேலே இருப்பதுதான் ஜெயிக்கும். மஞ்சள் மேலே இருந்தால் உங்கள் ஷீட் சிவக்கவே சிவக்காது. எக்செலில் புதிதாகப் போடும் விதி மேலே போய் உட்கார்ந்துகொள்ளும். 'மேனேஜ் ரூல்ஸ்' திறந்து சிவப்பை மேலே ஏற்றிவிடுங்கள்.

ஐந்து நாள் என்பது என் கணக்கு. சம்பளம் மாதக் கடைசியில் வருகிற வீடாக இருந்தால் ஏழு, பத்து என்று கூட்டிக்கொள்ளலாம். முப்பது என்று போட்டால் முழு ஷீட்டும் எப்போதும் மஞ்சளாக இருக்கும், பிறகு அதை யாரும் மதிக்க மாட்டார்கள்.

அந்த டாலர் குறி எதற்கு? நாம் ரூபாயில்தானே கட்டுகிறோம்?

இதை என் நாத்தனார் நிஜமாகவே கேட்டார், நியாயமான கேள்வி. பணத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. 'சி' என்ற நெடுவரிசையை நகரவிடாமல் பிடித்து வைக்கும் ஆணி அது. 'ஏ' கட்டத்துக்கு நிறம் தீர்மானிக்கும்போதும் 'சி'யைப் பார், 'எஃப்' கட்டத்துக்கும் 'சி'யையே பார் என்கிறது. ஆணி இல்லையென்றால் ஒவ்வொரு கட்டமும் தன்னிலிருந்து இரண்டு கட்டம் தள்ளிப் பார்க்கும், நிறம் கன்னாபின்னாவென்று விழும். எண்ணுக்கு முன்னால் மட்டும் டாலர் போட்டுவிடாதீர்கள். போட்டால் எல்லா வரிசையும் இரண்டாவது வரிசையின் தேதியையே பார்க்கும்.

நிறம் ஒரு வரிசை தள்ளி விழுகிறது. கரன்ட் பில் நிலுவை, ஆனால் கேபிள் சிவக்கிறது.

தேர்ந்தெடுத்த பகுதி ஏ1-இல் தொடங்கியிருக்கும், சூத்திரத்தில் சி2 இருக்கும். பகுதியின் முதல் வரிசை எண்ணும் சூத்திரத்தில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும்.

ஒன்றும் எழுதாத காலி வரிசைகள்கூட சிவப்பாக இருக்கின்றன. ஏன்?

ஷீட்டுக்குத் தேதி என்பது வெறும் எண். எக்செலில் 1900 ஜனவரி 1 என்பது 1. அங்கிருந்து ஒவ்வொரு நாளும் ஒன்று கூடிக்கொண்டே வந்து 2025 ஜனவரி 1 அன்று 45658. காலிக் கட்டம் பூஜ்யம். இன்றைய தேதியைவிடப் பூஜ்யம் சின்னதுதானே, அதனால் 'தேதி தாண்டிவிட்டது' என்று சிவக்கிறது. மேலே உள்ள சூத்திரங்களில் '$சி2<>""' என்று தொடங்குகிற துண்டு இதைத் தடுக்கத்தான். அதை விட்டுவிட்டு எழுதியிருப்பீர்கள்.

இது தலைகீழ்: தேதி தாண்டி ஒரு வாரம் ஆகியும் சிவக்கவே இல்லை.

இருப்பதிலேயே ஆபத்தான கோளாறு இது. காலி வரிசை சிவந்தால் கண்ணில் படும். சிவக்க வேண்டியது சும்மா இருந்தால் எப்படித் தெரியும்?

பத்துக்கு ஒன்பது தடவை, நீங்கள் எழுதியது தேதியாக ஏறாமல் வெறும் எழுத்தாக நிற்கிறது என்று அர்த்தம். நாம் பள்ளிக்கூடத்தில் பழகினபடி 05.06.2025 என்று புள்ளி வைத்து எழுதினால் எக்செல் பெரும்பாலும் அதைத் தேதியாக எடுத்துக்கொள்ளாது. எழுத்தையும் எண்ணையும் ஒப்பிட்டால் எழுத்துதான் எப்போதும் பெரியது என்பது எக்செலின் கணக்கு. ஆக அந்தப் பில் காலாகாலத்துக்கும் 'இன்னும் தேதி வரவில்லை' என்றே இருக்கும்.

இன்னொரு வகையும் உண்டு. ஷீட்டின் அமைப்பு அமெரிக்காவாக இருந்தால் 05/06/2025 என்பது ஜூன் 5 இல்லை, மே 6. அதே ஷீட்டில் 13/06/2025 என்று எழுதினால் பதின்மூன்றாவது மாதம் கிடையாது என்பதால் அது எழுத்தாக நின்றுவிடும். மாதத்தின் முதல் பன்னிரண்டு நாள் தப்பான தேதி, மீதி நாட்கள் தேதியே இல்லை. கூகுள் ஷீட்ஸில் 'ஃபைல்', 'செட்டிங்ஸ்' போய் 'லொக்கேல்' என்பதை இந்தியா என்று மாற்றுங்கள். ஏற்கெனவே எழுதிய தேதிகளை ஒருமுறை சரிபார்த்துத் திருத்தியாக வேண்டும்.

கண்டுபிடிக்கச் சுலபமான வழி: தேதி என்றால் கட்டத்தின் வலப்பக்கம் ஒட்டி நிற்கும், எழுத்து என்றால் இடப்பக்கம். நீங்களாக நடுவில் தள்ளி வைத்திருந்தால் இந்தச் சாட்சி போய்விடும். தேதி நெடுவரிசையை அழகுக்காக நடுவில் வைக்காதீர்கள்.

காலையில் திறந்தால் நேற்றைய நிலவரம் காட்டுகிறது. மத்தியானத்துக்கு மேல் சரியாகிவிடுகிறது.

அதே 'செட்டிங்ஸ்' பக்கத்தில் 'டைம் சோன்' பாருங்கள். அமெரிக்க மேற்குக் கரை நேரமாக இருக்கும். அங்கே நம்மைவிட பன்னிரண்டரை அல்லது பதின்மூன்றரை மணி நேரம் பின்னால். நமக்குப் பகல் பன்னிரண்டரை அல்லது ஒன்றரை ஆகும்போதுதான் அங்கே நாள் பிறக்கிறது. 'டுடே' அதைத்தான் நம்பும்.

கடைசித் தேதி என்று எதை எழுதுவது? சில பில்லுக்கு இரண்டு மூன்று தேதி இருக்கிறதே?

இதில்தான் கொஞ்சம் யோசிக்க வேண்டும். என் பழக்கம்: அபராதம் தொடங்கும் தேதியை எழுதுவதில்லை, எந்தத் தேதியைத் தவறவிட்டால் பணம் போகுமோ அதை எழுதுவேன்.

சொத்து வரியை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டு நகரங்களில் அரையாண்டுக்கு ஒருமுறை: ஏப்ரல் முதல் செப்டம்பர், அக்டோபர் முதல் மார்ச். அரையாண்டு தொடங்கிய முப்பது நாளுக்குள் கட்டினால் ஐந்து சதவீதம், அதிகபட்சம் 5,000 ரூபாய் வரை ஊக்கத்தொகை கழித்துக்கொள்கிறார்கள். செப்டம்பர் வரை கட்டலாம்தான். ஆனால் ஷீட்டில் ஏப்ரல் 30 என்று எழுதி வைத்தால் ஐந்து சதவீதம் மிச்சம். நான்காயிரம் ரூபாய் வரியில் 200 ரூபாய், வருஷத்துக்கு இரண்டு தடவை.

ஆயுள் காப்பீட்டுக்குச் சலுகை நாட்கள் உண்டு. காலாண்டு, அரையாண்டு, ஆண்டுப் பிரீமியத்துக்கு 30 நாள், மாதப் பிரீமியத்துக்கு 15 நாள். சலுகை நாள் முடியும் தேதியை 'சி'யில் எழுதாதீர்கள், குறிப்பில் எழுதுங்கள். 'சி'யில் உண்மையான பிரீமியத் தேதிதான் இருக்க வேண்டும்.

வண்டி இன்சூரன்ஸில் இந்தச் சலுகையெல்லாம் கிடையாது. பாலிசி முடிந்த நள்ளிரவோடு பாதுகாப்பு போயிற்று. மறுநாள் காலையில் வண்டியை எடுத்துப் போலீஸ் நிறுத்தினால் 2019 சட்டத் திருத்தத்தின்படி முதல் தடவைக்கு 2,000 ரூபாய். 90 நாள் தாண்டிவிட்டால், இத்தனை வருஷம் இழப்பீடு கேட்காமல் சேர்த்த 'நோ கிளெய்ம் போனஸ்' மொத்தமும் காலி. நாங்கள் பதினோராம் நாள் கண்டுபிடித்தோம். அந்தப் பதினோரு நாளும் வண்டி ஓடிக்கொண்டுதான் இருந்தது, நினைத்தால் இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது. இதற்கு மட்டும் முடிவுத் தேதிக்கு பத்து நாள் முன்னதாகவே 'சி'யில் எழுதிவிடுகிறேன்.

செல்போன் ரீசார்ஜ்: 28 நாள் பிளான் என்றால் மாதம் ஒன்று இல்லை, வருஷத்துக்குப் பதின்மூன்று. தேதி மாதாமாதம் முன்னால் நகர்ந்துகொண்டே வரும். போன தடவை தேதியோடு 28-ஐக் கூட்டுங்கள், அவ்வளவுதான்.

மின்கட்டணத்துக்குத் தேதி மட்டும் போதுமா?

தேதிக்கு மேலே கூட ஒன்று செய்யலாம், இந்த ஷீட்டில் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி அது.

தமிழ்நாட்டில் வீட்டு மின்சாரம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுப்பு. 2016-இலிருந்து முதல் 100 யூனிட் இலவசம். அதற்கு மேலே படிப்படியாக விகிதம். 500 யூனிட்டில் ஒரு மேடு இருக்கிறது. 2022 செப்டம்பரில் வந்த கட்டணப்படி, 500-க்குள் நின்றால் 101 முதல் 200 வரை யூனிட் 2 ரூபாய் 25 காசு. 501 ஆகிவிட்டால் அதே 101 முதல் 200 வரைக்கும் 4 ரூபாய் 50 காசு. அதாவது தாண்டின அந்த ஒரு யூனிட்டுக்கு, அதன் விலைக்கு மேலே 225 ரூபாய் கூடுதல். விகிதங்கள் அதற்குப் பிறகு மாறியிருக்கின்றன. உங்கள் பில்லில் இப்போது என்ன இருக்கிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள்.

தனியாக இன்னொரு ஷீட்டில் நான்கு நெடுவரிசை போடுங்கள். ஏ: தேதி. பி: மீட்டர் எண். சி: கணக்கெடுத்த நாளிலிருந்து ஓடிய யூனிட். டி: இதே வேகத்தில் போனால் 60 நாளுக்கு எவ்வளவு. கணக்கெடுத்த அன்று மீட்டர் 18,240, இருபத்தைந்தாம் நாள் 18,470 என்று வைத்துக்கொள்வோம். 230 யூனிட். 25-ஆல் வகுத்து 60-ஆல் பெருக்கினால் 552. மேட்டைத் தாண்டப்போகிறீர்கள். மீதி 35 நாளுக்கு 270 யூனிட்தான் இருக்கிறது, அதாவது நாளுக்கு ஏழரைக்குச் சற்று மேல். இதுவரை ஓடியது நாளுக்கு 9.2.

'டி' நெடுவரிசைக்கு இரண்டு விதி: 500-க்கு மேல் சிவப்பு, 450-க்கு மேல் மஞ்சள். இதற்குச் சூத்திரம்கூட வேண்டாம், 'கிரேட்டர் தேன்' என்ற ஆயத்த நிபந்தனையே போதும். வாரம் ஒருமுறை மீட்டரைப் பார்த்து எழுதினால், பில் வந்த பிறகு ஏசியைத் திட்டுவதற்குப் பதிலாக, இருபத்தைந்தாம் நாளே ரிமோட்டில் இரண்டு டிகிரி கூட்டலாம். எங்கள் வீட்டில் இப்போது மீட்டர் பார்ப்பது எட்டாவது படிக்கிற பெண்ணின் வேலை. சிவப்பு வந்தால் அவள் கொண்டாட்டமாக அப்பாவிடம் ஓடுகிறாள்.

காஸ் சிலிண்டரை எப்படிச் சேர்ப்பது? அதற்குத்தான் கடைசித் தேதியே கிடையாதே?

சிலிண்டர் மாட்டிய தேதியை எழுதுங்கள். உங்கள் வீட்டில் 14.2 கிலோ எத்தனை நாள் வருகிறது என்று நான்கைந்து சிலிண்டருக்குக் கணக்கெடுத்தால் தெரிந்துவிடும். நாற்பது நாள் என்றால் மாட்டிய தேதியோடு 35-ஐக் கூட்டி 'சி'யில் போடுங்கள். மஞ்சள் வந்ததும் பதிவு செய்தால் பொங்கலன்று பாதியில் அடுப்பு அணையாது.

அடுத்த மாதத் தேதி தானாக வருமா?

'இடேட்' என்று ஒரு சூத்திரம் உண்டு. =இடேட்(சி2,1) என்றால் அடுத்த மாதம் அதே தேதி, 2 என்றால் இரண்டு மாதம் கழித்து. ஒரு பொறி இருக்கிறது: ஜனவரி 31-க்கு அடுத்த மாதம் பிப்ரவரி 28. அந்த 28-இலிருந்து அடுத்த மாதம் கேட்டால் மார்ச் 28 என்றுதான் சொல்லும், 31-க்குத் திரும்பாது. மாதக் கடைசித் தேதி பில்களுக்கு எப்போதும் ஜனவரித் தேதியிலிருந்தே 1, 2, 3 என்று கூட்டுங்கள்.

நாலைந்து மாதத்தில் நிறங்கள் குழம்பிவிட்டன. ஒரே விதி பத்துத் தடவை பட்டியலில் இருக்கிறது.

பழைய வரிசையை நகலெடுத்துக் கீழே ஒட்டியிருப்பீர்கள். ஒட்டும்போது எழுத்தோடு விதியும் ஒட்டிக்கொண்டு வரும். பகுதிகள் துண்டு துண்டாகிவிடும். மதிப்பை மட்டும் ஒட்டும் 'பேஸ்ட் வேல்யூஸ்' பயன்படுத்துங்கள். ஏற்கெனவே குழம்பியிருந்தால் ஒவ்வொன்றாகச் சரிசெய்ய உட்காராதீர்கள். எல்லா விதிகளையும் அழித்துவிட்டு மூன்றையும் புதிதாகப் போடுங்கள், ஐந்து நிமிஷ வேலை.

சிவப்பாக இருப்பதன் மொத்தத் தொகையைக் கூட்ட முடியுமா?

நிறத்தைப் பார்த்துக் கூட்டுகிற சாதாரண சூத்திரம் இல்லை. ஆனால் சிவப்பு எதனால் வந்தது என்பது நமக்குத் தெரியுமே. அதே நிபந்தனையைக் கூட்டலுக்கும் கொடுத்தால் போயிற்று: =சம்இஃப்ஸ்(டி2:டி200,இ2:இ200,"",சி2:சி200,"<"&டுடே()). இதை மேலே ஒரு மூலையில் வைத்தால், சம்பளம் வந்த அன்று முதலில் எதற்கு ஒதுக்க வேண்டும் என்று தெரியும்.

அப்பாவுக்குச் சிவப்பும் பச்சையும் ஒன்றுபோலத் தெரியும். என்ன செய்வது?

நான் பச்சையே பயன்படுத்தாததற்கு அது ஒரு காரணம். அதே விதியில் நிறத்தோடு தடித்த எழுத்தையும் சேர்க்கலாம். கட்டி முடித்ததற்குக் குறுக்குக்கோடு போடலாம். நிறமே தெரியாவிட்டாலும் தடித்தது நிலுவை, கோடு அடித்தது முடிந்தது. கறுப்பு வெள்ளையில் அச்செடுத்து ஃபிரிட்ஜில் ஒட்டுகிற வீட்டுக்கும் இதே வழிதான்.

சிவந்தால் போனுக்குத் தகவல் வருமா?

வராது. ஷீட்டைத் திறந்தால்தான் நிறம் தெரியும். நான் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு போன் காலண்டரில் ஒரே ஒரு அலாரம் வைத்திருக்கிறேன், 'ஷீட் பார்' என்று. ஒவ்வொரு பில்லுக்கும் தனி அலாரம் வைத்த காலத்தில் எல்லாவற்றையும் பார்க்காமலேயே அணைத்துக்கொண்டிருந்தேன்.

ஊரில் இருக்கும் மாமனார் வீட்டு பில்லையும் இதிலேயே போடலாமா?

போடலாம், 'ஏ'யில் 'ஊர் கரன்ட்', 'ஊர் வீட்டு வரி' என்று எழுதினால் போதும். இணைப்பு எண்ணைக் குறிப்பில் வைத்துக்கொள்ளுங்கள். கட்டும் நேரத்தில் மாமாவுக்கு போன் போட்டு அட்டையைத் தேடச் சொல்ல வேண்டியதில்லை. கார்டு எண், ரகசிய எண், பாஸ்வேர்டு எதையும் மட்டும் எழுதாதீர்கள். பகிரும்போது 'லிங்க் உள்ள யாரும்' என்று திறந்துவிடாமல் வீட்டு ஆட்களின் மின்னஞ்சலுக்கு மட்டும் கொடுங்கள்.

தொகை கூடினால் ஆரஞ்சு, தானாகக் கழியும் பில்லுக்கு நீலம் என்று இன்னும் நிறங்கள் சேர்க்கலாமா?

சேர்த்தேன். ஒரு கட்டத்தில் ஏழு நிறம் இருந்தது. என்ன நிறத்துக்கு என்ன அர்த்தம் என்று சொல்ல ஓரத்தில் தனி அட்டவணை வேறு. வீட்டுக்காரர் ஒருநாள் திறந்து பார்த்துவிட்டு, "இதில் இன்றைக்கு நான் எதைக் கட்டணும்?" என்று கேட்டார். எனக்கே உடனே சொல்லத் தெரியவில்லை. அன்று ராத்திரி நான்கு நிறத்தை எடுத்துவிட்டேன். தானாகக் கழியும் பில்லை இப்போது எஃப் நெடுவரிசையில் 'ஆட்டோ' என்று எழுதுகிறேன். கழிந்ததா என்று பார்த்த பிறகுதான் கட்டிய தேதியைப் போடுவேன். கணக்கில் பணம் இல்லாமல் திரும்பினால் அதுவும் சிவப்பாகத்தான் நிற்க வேண்டும்.